சின்ன மேடுகள்

வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கட்டிலருகே இருந்த திரையிலிருந்து சிவமணி கண்ணை எடுக்கவில்லை.

முப்பத்தெட்டு. அவள் கணவன் தில்லைநாதனின் இதயம் நிமிடத்துக்கு அவ்வளவுதான் அடித்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ரபீக்கா வந்தாள். கொள்ளுப்பிட்டி வங்கியில் அவருக்குப் பக்கத்து மேசைக்காரி. ஒரு காலத்தில் அவர் கட்ட நினைத்தவள். இரண்டு வீட்டாரும் விடவில்லை.

"என்ன நாதன், இப்பிடிப் படுத்தீக்கிறீங்க?"

நாதனாம்! முப்பத்தொரு வருடமாகச் சிவமணி அவரைக் கூப்பிட்டதெல்லாம் 'இஞ்சேருங்கோ' என்று மட்டும்தான்.

திரையைப் பார்த்தாள். ரபீக்கா சிரித்தாள், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள், கண்ணைத் துடைத்தாள். எண் முப்பத்தெட்டிலேயே நின்றது. ஒன்றுகூடக் கூடவில்லை.

சிவமணிக்கு அப்பாடா என்றிருந்தது. ரபீக்காவுக்குத் தன் கையாலேயே பிளாஸ்கிலிருந்து பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள்.

ரபீக்கா போனபிறகு டொக்டர் தர்ஷன் வந்தார். பதிவான ஈசிஜியைக் கடதாசியில் எடுத்துப் பேனையால் காட்டினார்.

"இந்தச் சின்ன மேடு இதயத்தின்ர மேலறை, அம்மா. கரண்ட் அங்கதான் தொடங்கும். பெரிய கூர் கீழறை. இவருக்கு நடுவில வயர் அறுந்த மாதிரி. மேல சொல்லுறது கீழ போகேல்ல. மனம் பதறினா மேடுதான் ஓடும். மெஷின் எண்ணுறது பெரிய கூர்களை மட்டும்."

சிவமணி கடதாசியில் நேரத்தைத் தேடினாள். மூன்று பத்து. ரபீக்கா வந்த நேரம்.

கூர்கள் தள்ளித் தள்ளி நின்றன. சின்ன மேடுகள் முண்டியடித்துக்கொண்டு ஓடியிருந்தன.

"இந்த நேரம் ஆரும் வந்தவையோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒருத்தரும் வரேல்ல," என்றாள் சிவமணி.

பேஸ்மேக்கர் வைக்காவிட்டால் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்றார் டொக்டர். வைத்தால், மேலே சொல்வது கீழே கேட்குமாம். சம்மதப் படிவத்தை நீட்டினார்.

அப்படியென்றால் இனி ரபீக்கா வந்தால் எண்ணும் கூடும். அவள் கையில் பேனை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதி, அதன் மேலேயே இன்னொரு தரம் அழுத்தி எழுதினாள்.

பிறகு கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

"நாதன்," என்றாள்.

அவர் திடுக்கிட்டுக் கண் விழித்தார்.

திரையில் எண் அதே முப்பத்தெட்டு. சின்ன மேடுகள் தலைதெறிக்க ஓடின.

ஆசையா, பயமா என்று அவள் டொக்டரிடம் கேட்கவில்லை.