இரண்டாம் விருப்பு

அவள் கையில் பென்சில். முன்னால் அட்டைத் தடுப்பு.

வாக்குச்சீட்டு மேசையைத் தாண்டித் தொங்கியது. அத்தனை பேருக்கு ஜனாதிபதியாக ஆசை.

நடுவில் எங்கோ அவள் கணவர் இருந்தார். சுயேச்சை. சின்னம் சீப்பு.

வழுக்கைத் தலைக்குச் சீப்பா என்று மன்னார்ச் சந்தையே சிரித்தது. அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

வெல்லமாட்டார். அது அவருக்கும் தெரியும்.

அவளை அரித்தது வேறு.

தப்பித்தவறி வென்றுவிட்டால்?

மின்விசிறி வாங்கப் போய், பார்த்த இரண்டும் நல்லவை என்று வெறுங்கையோடு வந்தவர். வேலிச் சண்டையில் இரு வீட்டாருக்கும் தலையாட்டியவர். வேட்பாளர்களுக்கெல்லாம் தொலைக்காட்சியில் நேரம் கொடுத்தார்கள். இவர் கிணறுகள் உப்பாகிக்கொண்டு வருவதைப் பற்றி மட்டும் பேசினார். வாக்குக் கேட்க மறந்துபோனார்.

நல்ல பேச்சு. சட்டைப் பொத்தான்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது.

ஒரு நாட்டை இவரிடம் கொடுப்பதா?

முதல் விருப்புக்கு ஒன்று என்று எழுத வேண்டும். அடுத்த விருப்புக்கு இரண்டு.

பின்னால் யாரோ செருமினார்கள்.

வெல்லக்கூடிய ஒருவருக்கு ஒன்று போட்டாள்.

கணவருக்கு இரண்டு.

அந்த இரண்டை மிக அழகாக எழுதினாள்.

வெளியே பள்ளிக்கூட முற்றத்து வேப்பமர நிழலில் அவர் காத்து நின்றார். அவளுக்கு முன்பே வாக்களித்துவிட்டிருந்தார். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி அவளைச் சீண்டினாள்.

"என்னக்கா, இனிக் கொழும்பு மாளிகைதானோ?"

அவள் சிரித்து வைத்தாள்.

இருவரும் வீதிக்கு வந்தார்கள். அவர் எதுவும் கேட்கவில்லை. வெயிலாக இருக்கிறது என்று குடையை அவள் பக்கம் சாய்த்தார்.

கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பாள். கேட்காததுதான் தாங்க முடியவில்லை.

ஏதாவது பேசவேண்டும் என்பதற்காக, உங்களுக்குச் சரியாகப் போட்டீர்களா, பெயரைக் கண்டுபிடித்தீர்களா என்றாள்.

அவர் நடையைத் தளர்த்தினார்.

"கோவிக்காதையுமப்பா. எனக்கு ரெண்டுதான் போட்டனான். எங்களோட போட்டியிடுற அந்தத் திருகோணமலை டீச்சர் என்னைவிட நல்லாச் செய்வா."

அவள் நின்றுவிட்டாள்.

குடை இரண்டடி முன்னால் போய், அவளைக் காணாமல் திரும்பி வந்தது.

அந்த நீளச் சீட்டில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். வேறு யார் இப்படிச் செய்திருப்பார்கள்?

பள்ளிக்கூட வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வரிசை இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

சுண்டுவிரலில் மை காய்ந்துவிட்டது.