மூத்தவள் கட்டிய வீடு

"போனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிம்மா. பின்னாடி ஆஸ்பத்திரி நல்லாத் தெரியட்டும்" என்றார் அப்பா.

தன் செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து, பாஸ்டர் பக்கமாகத் திருப்பினார். திரையில் மூத்தவளின் முகம். அதற்குப் பின்னால் வரிசையாகக் கட்டில்கள், சலைன் பாட்டில் தொங்கும் கம்பி. ஆறு வருஷமாக அவள் வெளிநாட்டில் நர்ஸ். இன்று பிரதிஷ்டை ஜெபம் நடக்கும் இந்த வீட்டில் ஒவ்வொரு செங்கல்லும் அவள் அனுப்பிய பணம்.

"டூட்டி நேரத்துல தொந்தரவு பண்றோமா மகளே?" என்று பாஸ்டர் சங்கடப்பட்டார்.

"இல்லைங்க ஐயா. மூணு வாரமா வார்டுலயேதான் இருக்கேன்."

"ஓவர்டைம்!" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி அப்பா விளக்கம் சொன்னார். முப்பது வருஷம் தபால்காரர். அடுத்தவர் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றே பழகிய கால், இன்று சொந்த டைல்ஸில் வழுக்கியது.

மூத்தவள் தலையைச் சுற்றி ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஜெபம் ஆரம்பிக்கவே இல்லை, அதுக்குள்ள முக்காடு போட்டாச்சு பாருங்க! எங்க போனாலும் என் பொண்ணு மாறலை."

மூத்தவள் லேசாகச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, நான் அடுத்த மாசம் வீட்டுக்கு வந்துடட்டுமா?"

"லீவா? தாராளமா வா!"

"லீவு இல்லப்பா. மொத்தமா."

அப்பா வந்தவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, போனோடு ஜன்னலோரம் ஒதுங்கினார். "மாடி பாதியில நிக்குதும்மா. கம்பியெல்லாம் வானத்தைப் பாத்து நீட்டிக்கிட்டு இருக்கு. ஒரே ஒரு வருஷம். பல்லைக் கடிச்சுக்கோ."

"போன வருஷமும் ஒரே ஒரு வருஷம்னுதான் சொன்னீங்க."

"அது கீழ் வீட்டுக்கு."

"சரி, கீழ எனக்கு ஒரு ரூம் இருக்குல்ல? என்னால மாடியெல்லாம் ஏற முடியாதுப்பா."

தம்பி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "அதை வாடகைக்குப் பேசியாச்சுக்கா. நீதான் இங்க இல்லையே! மகாராணிக்கு மாடி. காத்து பிச்சுக்கிட்டு வரும்."

"நின்னுக்கிட்டே வேலை பாத்தா கால் வலிக்கத்தான் செய்யும். வெந்நீர்ல காலை வை, சரியாப் போயிடும்" என்றார் அப்பா.

"சரிப்பா."

அப்பா திரும்பி வந்ததும் பாஸ்டர் பிரசங்கத்தைத் தொடங்கினார்; நீட்டி முழக்கவில்லை. "பணம் நமக்கு வேலை செய்ய வந்த ஆளு. சொன்னதைச் செஞ்சிட்டு அது வாசல்ல நிக்கணும். அதைக் கூட்டிட்டு வந்து நடுவீட்டுல உக்கார வெச்சோம்னா, நம்ம வீட்டு ஆளுங்கதான் வெளிய நிக்க வேண்டி வரும்."

"ஆமென்!" எல்லோரையும் விட அப்பாவின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. எதிர்வீட்டு வட்டிக்கடைக்காரர் காதில் நன்றாக விழட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"வீட்டுத் தலைவரே ஜெபிக்கட்டும்" என்றார் பாஸ்டர்.

அப்பா முழங்காலிட்டார். போனைத் தன் முன்னால் தரையில் வைத்துக் கண்களை மூடினார். சொல்ல ஆரம்பித்ததுமே அழுதுவிட்டார். அந்த அழுகை நிஜம்.

"ஆண்டவரே, என் மகளை எனக்குத் தந்தீரே, ஸ்தோத்திரம். அவளுடைய கைகளைப் பலப்படுத்தும். இன்னும் ஒரே ஒரு வருஷம் அவள் அங்கேயே இருக்கக் கிருபை செய்யும். மாடியையும் நீரே கட்டி முடித்துத் தாரும்."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மூத்தவளின் ஆமெனுக்காக அப்பா கண்ணைத் திறக்காமல் காத்திருந்தார்.

போனிலிருந்து வேறு ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"அக்கா, வீட்டுல சொல்லிட்டீங்களா? அப்போ போனைக் குடுத்துட்டுப் படுங்க, கீமோ ஏத்தணும்."