கல்லும் சிப்பியும்

கடலரிப்பைத் தடுக்க லாரிகளில் வந்து இறங்கிய பாறாங்கல் ஒரு தெருவுக்குத்தான் காணும். இரண்டு தெரு ஆண்களும் மாதா கோயில் வாசலில் அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

உவரிக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரில், தொண்ணூற்றாறாம் வருஷத்து ஆடிக்கடல் கல்லறைத் தோட்டத்தை ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தது. கரையில் பொறுக்கிய எலும்புகளை எந்த வீட்டுப் பெரியவருடையது என்று தெரியாமல் ஒரே குழியில் போட்டு ஜெபம் சொன்னார்கள். இனி வீடுகள்தான் மிச்சம்.

அரசாங்க என்ஜினீயர் உள்ளதைச் சொன்னார். வடக்குத் தெருவுக்கு முன்னால் கடலடியில் பாறை இருக்கிறது, போட்ட கல் நிற்கும். தெற்கே வெறும் மணல். அங்கே போட்டால் கல்லும் புதையும், காவலில்லாமல் வடக்கும் போய்விடும்.

தெற்குத் தெருக்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். வடக்கே அவருக்கு நெய்மீன் குழம்பு ஊற்றியது யாருக்குத் தெரியாது?

ஊர்த்தலைவர் கிருபைராஜ் அவரோடு வள்ளத்தில் போய்க் கழியை இறக்கிப் பார்த்தவர். தெற்கே கழி நிற்கவேயில்லை. ஆனாலும் அவர் என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் வீடு தெற்குத் தெருவில் கடலைப் பார்த்த முதல் வீடு. இதில் கேட்க என்ன இருக்கிறது?

கடைசியில், மீன் பங்கு வைப்பதில் தகராறு வந்தால் செய்வதையே செய்வதென்று முடிவாயிற்று. குறி போடுவது. வடக்குக்குக் கல், தெற்குக்குச் சிப்பி. மாதா முன்னால் எடுத்த குறியை மீற அந்தக் கரையில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. எடுத்த பிறகு மிச்சக் குறியைப் பார்க்கக் கூடாது, பானையோடு கடலில் விட்டுவிட வேண்டும்.

கிருபைராஜ் கல்லையும் சிப்பியையும் ஊர் பார்க்கத் தூக்கிக் காட்டினார். கோயில் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டு, வாய் குறுகிய பானைக்குள் போட்டார்.

எடுப்பதற்குக் கோயில் சாமியார், அப்போதுதான் புதுநன்மை அப்பம் வாங்கிய ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார்.

"சின்னப் புள்ளைக்கு என்ன சாமி தெரியும்? தலைவர் பொஞ்சாதி எடுக்கட்டும்" என்றார் தெற்குத் தெரு பாக்கியசீலன்.

வடக்கும் உடனே தலையாட்டியது. தலைவர் மனைவி பிரகாசி பிறந்தது வடக்குத் தெரு, வாழ்க்கைப்பட்டது தெற்கு. மாதாவின் திருவுளம் என்று பேர்தான். கல் எது, சிப்பி எது என்று விரலுக்குத் தெரியாதா? அவள் நமக்குத்தான் எடுப்பாள் என்று இரண்டு தெருவும் மனதுக்குள் சிரித்துக்கொண்டன.

கிருபைராஜின் முகம் வெளிறிப்போயிற்று. வீட்டை நினைத்துக் கலங்குகிறார் என்றார்கள் பக்கத்தில் நின்றவர்கள். கலங்காமல் இருக்குமா? பிரகாசி திசையன்விளைச் சந்தைக்கு மீன்கூடை சுமந்து சுமந்து, உச்சந்தலை முடி கொட்டிப்போய்க் கட்டிய வீடு அது. அதில் ஒரு செங்கல்கூட அவருடையதில்லை.

பிரகாசி பானைக்குள் கையை விட்டாள்.

விட்ட கை வெளியே வரவில்லை. உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது. சாமியார் முதல் மந்திரத்தைச் சொல்லி முடித்து இரண்டாவதைத் தொடங்கிவிட்டார்.

அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை எடுத்தாள். கல்.

வடக்குத் தெரு "மாதாவே" என்று முழங்காலில் விழுந்து அழுதது. பிறகு பாக்கியசீலன் அவள் காலடியில் காறித் துப்பினார்.

"ஏட்டீ, பொறந்த தெருவுக்கே போட்டுட்டியா? ஒன் கை வெளங்காது, பாத்துக்க!"

யாரோ ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். பிரகாசி தலையில் விழுந்த மண்ணைத் தட்டிக்கூட விடவில்லை. பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று தண்ணீரில் இறங்கி, நெஞ்சளவு ஆழத்தில் அதை விட்டுவிட்டு வந்தாள்.

அரிவாள் ஒன்றும் வெளியே வரவில்லை. வடக்கே கல் உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

தலைவர் வீட்டு முற்றத்துக்கு அலை வந்துவிட்டிருந்தது. பிரகாசி ஈரச் சேலையோடு பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். கிருபைராஜ் வாசலிலேயே நின்றார். உள்ளே வரத் தைரியம் இல்லை.

அவள் எழுந்து வந்து அவர் வேட்டி மடியை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து சிப்பி உள்ளங்கையில் விழுந்தது.

"இங்கனயா இருக்கு? இதத்தான் பானைக்குள்ள அவ்வளவு நேரம் தேடுனேன்" என்றாள்.