பெருவிரல்

கொட்டாஞ்சேனை மருந்துக்கடையில் மருந்தாளரான டிலக்ஷி, இதயத்துடிப்புக்குக் குளிசை எடுப்பவர்களைக் காலையில் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பாள். நாடி அறுபதுக்குக் கீழே போனால் அன்றைக்குக் குளிசை கொடுக்கக் கூடாது. ஜெரால்ட் அங்கிள் தன் மனைவி பேர்ணடெற்றின் கையைப் பிடித்து எண்ணி, ஒருநாளும் பிசகாமல் எழுபத்திரண்டு என்பார்.

பெருவிரலால் பிடிப்பதாக இன்று பேச்சுவாக்கில் சொன்னார்.

“அதில உங்கட நாடிதான் துடிக்கும், அங்கிள். பக்கத்து ரெண்டு விரலை வச்சுப் பாருங்கோ.”



“அப்பிடி வச்சா ஒண்டும் துடிக்குதில்லை, மகள். கன நாளா அப்பிடித்தான். குளிசை குடுக்கட்டோ?”

அவருக்குப் பக்கத்திலிருந்து பேர்ணடெற்றின் குரல் கேட்டது.

“இஞ்சேருங்கோ, பெருவிரலால பிடியுங்கோ எண்டெல்லோ சொன்னனான்.”