குலசாமி கோயில் பூட்டு

அன்று கோயிலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், மகன் செங்கதிர், மருமகள் வேல்விழி, பூசாரி சடையாண்டி, நாங்கள் தத்தெடுத்த மூன்று வயதுப் பேத்தி இதழினி.

முதல் மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாயிற்று. இனி அவளைச் சாமி முன்னால் நிறுத்த வேண்டும். எங்கள் குலசாமி கோயில் கதவில் விரல் வைத்தால், பூட்டு ரத்தத்தைப் படித்து எங்கள் வம்சத்துக்கு மட்டுமே திறக்கும். மருமகள்கள் கணவன் விரலில் நுழையலாம்; பிள்ளைகள் சொந்த விரலை வைத்தாக வேண்டும். கண்டவனும் பங்காளி என்று வந்து நிற்கக் கூடாதென்று அதை வைத்தவன் நான்தான்.

பேத்தி விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"தாத்தா, கதவு என்னைய முறைக்குது."

"பிள்ளை வெளியவே கும்பிட்டுக்கட்டும்யா," என்றார் பூசாரி.

"நானும் இவகூட நின்னுக்கிறேன் மாமா," என்றாள் வேல்விழி.

"எம் பேத்தி எதுக்கு வெளிய நிக்கணும்? செங்கதிரு, வண்டியில ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

அரை மணி நேரம் ஆனது. நான் கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் இதழினி தன் பாவாடையில் ஏந்திக்கொண்டாள். பிறகு எங்கள் எல்லோருக்கும் முன்னால் உள்ளே ஓடினாள்.

பூட்டு பழுதானதால் அந்தக் குழந்தை நுழைந்துவிட்டதாக ஊரில் பேசுகிறார்கள். பூட்டில் பழுதேதும் இல்லை. நான் கழற்றினேன்.