பதில் வராத ரேடியோ

காலையில் காணாமல் போன தன் இரண்டு பிள்ளைகளையும் தேடி, ஓப்பல் கல் சுரங்கங்களுக்கு அப்பால் பாலைவனத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான் கிளென். ஊரே தேடியது. ஆனால் வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவில் ஒருவரும் பேசவில்லை.

"புள்ளைங்கள பாத்துக்கத் துப்பில்ல உனக்கு," என்று பக்கத்து இருக்கையைப் பார்த்துக் கத்தினான்.

"நீ குடிச்சிட்டு அடிச்சதுக்குப் பயந்துதான் ஓடிருக்குங்க," என்றாள் மனைவி நோரீன்.

"ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும், வாய மூடு. தொலைஞ்சா தொலையட்டும், சனியனுங்க."

எதிரே வந்து நின்ற வண்டியிலிருந்து பக்கத்து வீட்டு மெர்வ் இறங்கினார். முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"புள்ளைங்க அப்பவே கிடைச்சிட்டாங்கப்பா. சொல்லத்தான் வழியில்ல. நீ மைக் மேல உக்காந்திருக்க. அதோட பட்டன் அமுங்கியே கெடந்தா உன் பேச்சு மட்டும்தான் எல்லா வண்டியிலயும் கேக்கும்."

தொடைக்கடியிலிருந்து மைக்கை உருவினான் கிளென்.

அவர் வண்டிக்குள், மகள் இன்னும் தம்பியின் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தாள்.