குப்பைமேடு-37

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மலர்க்கொடிக்குப் புதுக் கணினி கொடுத்தார்கள். விண்டோஸ் ஏறி முடிந்ததும் அலுவலக மென்பொருள் கணினிக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரே பெயரைத் தானாகவே வைத்தது: குப்பைமேடு-37. அவள் விண்ணப்பத்தில் எழுதியிருந்த தெருவின் பெயரும் கதவு எண்ணும். கழுத்தில் மாட்டும் அட்டையும் அதே பெயரில் வந்தது.

“சார், எங்க வீட்டுல மொதல்ல டிகிரி வாங்குனவ நான். இதையா மாட்டிக்கிட்டுத் திரியணும்?”

“மெஷின் வச்சதும்மா. அதுக்கு என்ன சாதியா தெரியும்?” மேலாளர் சிரித்தார். அவர் அட்டையில் ‘ராஜமாணிக்கம்’ என்றிருந்தது.

“உங்களுக்கு மட்டும் சொந்தப் பேரா?”

“எங்க பேரையெல்லாம் நாங்களே கையால அடிச்சுக்கிட்டோம். போய் உக்காரு, குப்பைமேடு.”

அவள் அட்டையைக் கழற்றி அவர் மேசையில் எறிந்தாள்.

“அதே கையால மலர்க்கொடின்னு அடிங்க சார். அதுவரைக்கும் நான் உக்கார மாட்டேன்.”